ஒற்றைச்சுருள் மின்மாற்றி: செயல்நெறியும் பயன்பாட்டின் எல்லைகளும்

ஆய்வுச் சுருக்கம்

மின்மாற்றி என்றதும் ஒன்றையொன்று தொடாத இரண்டு சுருள்களே நினைவுக்கு வருகின்றன. ஆயினும் நாட்டின் உயரழுத்த மின்கட்டமைப்பைத் தாங்கி நிற்கும் பெரும் மின்மாற்றிகள் பலவும், வீட்டுச் சுவரில் மாட்டப்பட்டுள்ள ஸ்டெபிலைசரும், கல்லூரி ஆய்வக மேசையிலுள்ள டிம்மர்ஸ்டாட்டும் ஒரே சுருளைக் கொண்டு இயங்குபவை. இவ்வமைப்பின் செயல்நெறியை எளிய கணக்குகளின் வழி விளக்கி, அதனால் விளையும் சிக்கனம் எந்த விகிதம் வரை நிலைக்கின்றது என்பதையும், மின்தனிமை இல்லாமையால் எழும் இடர்கள் எத்தகையன என்பதையும் இக்கட்டுரை ஆராய்கின்றது.

திறவுச்சொற்கள்: ஒற்றைச்சுருள் மின்மாற்றி, தொடர்ச்சுருள், பொதுச்சுருள், மின்தனிமை, இழுவை மின்வழங்கல், ஸ்டெபிலைசர், டிம்மர்ஸ்டாட்

முன்னுரை

பள்ளி, கல்லூரிப் பாடநூல்களில் மின்மாற்றியின் படம் ஏறத்தாழ ஒரே வகையாகவே வரையப்படுகின்றது. சதுரமான இரும்பு உள்ளகம் ஒன்று, அதன் இடப்பக்கம் முதன்மைச் சுருள், வலப்பக்கம் துணைச்சுருள். இரண்டிற்கும் இடையே கம்பித் தொடர்பு இல்லை. காந்தப் பாயம் மட்டுமே ஆற்றலைக் கடத்துகின்றது. இந்தப் படம் தவறன்று. ஆனால் இதனையே மின்மாற்றியின் இலக்கணமாகக் கொள்ளும் மாணவர், ஒரே சுருளிலிருந்து மூன்று முனைகள் வெளிவரும் கருவியைக் காணும்போது இடர்ப்படுகின்றார். அதனை மின்தடைப் பகுப்பான் என்று மயங்குவோரும் உண்டு. சாதாரண மின்மாற்றியைப் போல அதுவும் மின்தொடர்பைத் துண்டித்துப் பாதுகாப்பு அளிக்கும் என்று நம்புவோரும் உண்டு. முதல் மயக்கம் தேர்வில் மதிப்பெண்ணைக் குறைக்கும். இரண்டாவது உயிரையே பறிக்கக்கூடும்.

பெயர் குறித்து

இக்கருவிக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயரின் முன்னொட்டான ‘ஆட்டோ’ என்பது கிரேக்க மொழியில் ‘தான்’ எனப் பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. தானாக இயங்குவது என்னும் பொருள் இங்கு இல்லை. ஆகவே இதனைத் ‘தானியங்கி மின்மாற்றி’ எனப் பெயர்ப்பது பிழையாகும். இக்கருவியில் தானாக இயங்கும் உறுப்பு எதுவும் இல்லை. ‘தன் மின்தூண்டல்’ என்னும் பாடநூல் வழக்கை ஒட்டித் ‘தன்மின்மாற்றி’ எனலாம். இக்கட்டுரையில் அமைப்பைக் கண்முன் நிறுத்தும் ‘ஒற்றைச்சுருள் மின்மாற்றி’ என்னும் தொடர் ஆளப்படுகின்றது. எனினும் இதுவும் முழுமையான பெயரன்று என்பது, உயரழுத்த மின்மாற்றிகளில் மூன்றாம் சுருள் ஒன்று இடம்பெறுவதைக் காணும்போது விளங்கும்.

தோற்றம்

1831-இல் ஃபாரடே இரும்பு வளையத்தின் மீது இரண்டு தனித்தனிச் சுருள்களைச் சுற்றி மின்தூண்டலைக் கண்டறிந்தார். அதற்குச் சில ஆண்டுகளுக்குப் பின், 1836-இல், அமெரிக்காவின் சேலம் நகரில் சார்லஸ் கிராஃப்டன் பேஜ் என்பவர் செம்புப் பட்டையைச் சுருளாகச் சுற்றி, அதன் இடையிடையே பாதரசக் கிண்ணங்களை முனைகளாக அமைத்தார். மின்கலத்தின் ஓட்டத்தைச் சுருளின் ஒரு பகுதியில் மட்டும் செலுத்தித் துண்டித்தபோது, ஓட்டமே பாயாத பகுதியையும் சேர்த்துப் பிடித்தவருக்கு மின்னதிர்ச்சி வலுவாக இருந்தது. மின்னோட்டம் செல்லாத சுற்றுகள் அழுத்தத்தைக் கூட்டின என்பதே இதன் பொருள். ஒற்றைச்சுருள் மின்மாற்றியின் முதல் வடிவம் இதுவே எனலாம். மாறுமின்னோட்ட வழங்கல் தொழிலாக வளர்ந்ததும், 1885-இல் புடாபெஸ்ட் நகரப் பொறியாளர்கள் மூவர் மூடிய உள்ளகத்தைக் கொண்ட மின்மாற்றியை அமைத்ததும் இதற்கு அரை நூற்றாண்டு பிந்தியவை.

செயல்நெறி

இரும்பு உள்ளகத்தின் மீது 230 சுற்றுகள் கொண்ட ஒரு சுருள் இருப்பதாகக் கொள்வோம். அதன் இரு முனைகளுக்கிடையே 230 வோல்ட் மாறுமின்னழுத்தம் தரப்படுகின்றது. உள்ளகத்தில் எழும் காந்தப் பாயம் ஒவ்வொரு சுற்றையும் ஒரே அளவில் ஊடுருவுவதால், ஒவ்வொரு சுற்றிலும் 1 வோல்ட் தூண்டப்படுகின்றது. கீழ்முனையிலிருந்து 184-ஆவது சுற்றில் ஒரு கிளைமுனை எடுத்தால், கீழ்முனைக்கும் அதற்கும் இடையே 184 வோல்ட் கிடைக்கும். மேலேயுள்ள 46 சுற்றுகள் தொடர்ச்சுருள் என்றும், உள்ளீட்டிற்கும் வெளியீட்டிற்கும் உரிய கீழேயுள்ள 184 சுற்றுகள் பொதுச்சுருள் என்றும் வழங்கப்படும்.

இதுவரை பார்த்த அளவில் மின்தடைப் பகுப்பானுக்கும் இதற்கும் வேறுபாடு தோன்றாது. வேறுபாடு மின்பளுவை இணைத்தவுடன் வெளிப்படுகின்றது. வெளியீட்டில் 10 ஆம்பியர் இழுக்கும் பளு இருப்பின், அது பெறுவது 1840 வோல்ட்-ஆம்பியர். இழப்புகளைப் புறக்கணித்தால் உள்ளீடும் அதே அளவாக இருத்தல் வேண்டும். ஆகவே 230 வோல்ட்டில் உள்ளீட்டு மின்னோட்டம் 8 ஆம்பியர் மட்டுமே. பளுவில் 10 ஆம்பியர் பாய, வழங்கியிலிருந்து 8 ஆம்பியர் மட்டும் வருகின்றது. எஞ்சிய 2 ஆம்பியர் பொதுச்சுருளின் வழியே கீழிருந்து மேலாகப் பாய்ந்து கிளைமுனையில் வந்து சேர்கின்றது. தடைப் பகுப்பானில் இது ஒருபோதும் நிகழாது. அங்கே உள்ளே வரும் மின்னோட்டத்தைவிட வெளியே செல்வது மிகுதியாக இருத்தல் இயலாது.

காந்தச் சமநிலை இதனை உறுதிசெய்கின்றது. தொடர்ச்சுருளின் 46 சுற்றுகளில் 8 ஆம்பியர் பாய்வதால் 368 ஆம்பியர்-சுற்று. பொதுச்சுருளின் 184 சுற்றுகளில் எதிர்த்திசையில் 2 ஆம்பியர் பாய்வதால் அதுவும் 368 ஆம்பியர்-சுற்று. இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்கின்றன. அதாவது ஒற்றைச்சுருள் என்று நாம் கூறினாலும், உள்ளகத்தைப் பொறுத்தவரை அங்கே இரண்டு சுருள்களே உள்ளன. தொடர்ச்சுருள் முதன்மையாகவும் பொதுச்சுருள் துணையாகவும் இயங்குகின்றன. கம்பியால் அவை பிணைக்கப்பட்டிருப்பது மட்டுமே புதுமை.

இப்போது ஆற்றல் எவ்வழிச் செல்கின்றது என்று நோக்கலாம். தொடர்ச்சுருளின் ஆற்றல் 46 × 8 = 368 வோல்ட்-ஆம்பியர். பொதுச்சுருளின் ஆற்றலும் 184 × 2 = 368 வோல்ட்-ஆம்பியர். காந்தத்தின் வழியே மாற்றப்படுவது இந்த 368 மட்டுமே. பளு பெறும் 1840-இல் எஞ்சிய 1472 வோல்ட்-ஆம்பியர், அதாவது ஐந்தில் நான்கு பங்கு, கம்பித் தொடர்பின் வழியே நேரடியாகக் கடந்து செல்கின்றது. இரும்பும் செம்பும் சுமக்க வேண்டியது 20 விழுக்காடு மட்டுமே. இக்கருவியின் நன்மைகள் அனைத்தும் இந்த ஒரு கணக்கிலிருந்து பிறக்கின்றன. அதன் தீமைகளும் இதிலிருந்தே பிறக்கின்றன.

சிக்கனமும் அதன் எல்லையும்

உயரழுத்தத்திலிருந்து தாழழுத்தத்தைக் கழித்து, வரும் வேறுபாட்டை உயரழுத்தத்தால் வகுத்தால் கிடைக்கும் பின்னமே, மொத்தத் திறனில் காந்தத்தின் வழி மாற்றப்படும் பங்காகும். மேற்கண்ட எடுத்துக்காட்டில் அது 0.20. ஒரே தடிமன் நெறியில் கம்பியைத் தேர்ந்தால், இரட்டைச்சுருள் மின்மாற்றிக்கு வேண்டிய செம்பில் இப்பின்னத்தின் அளவே ஒற்றைச்சுருளுக்குப் போதுமானது.

இழப்புகளும் இதே விகிதத்தில் சுருங்குகின்றன. 368 வோல்ட்-ஆம்பியர் திறனுள்ள சிறு மின்மாற்றி ஒன்று தன் திறனில் 5 விழுக்காட்டை, அதாவது 18.4 வாட்டை, இழப்பதாகக் கொண்டால், அதே இரும்பும் செம்பும் ஒற்றைச்சுருளாக இணைக்கப்பட்டு 1840 வோல்ட்-ஆம்பியரைக் கடத்தும்போது இழப்பு 1 விழுக்காடாகின்றது. பளு ஏறும்போது அழுத்தம் சரியும் அளவும் அவ்வாறே குறைகின்றது.

ஆனால் இரு அழுத்தங்களும் விலக விலக இந்நன்மை கரைந்துபோகின்றது. 400/230 கிலோவோல்ட் விகிதத்தில் பின்னம் 0.425. 230/110 கிலோவோல்ட்டில் அது 0.52. தெருவோர மின்மாற்றிகளின் 11,000/433 வோல்ட் விகிதத்தில் அது 0.96 ஆகிவிடுகின்றது, சேமிப்பு வெறும் 4 விழுக்காடு. அந்தச் சொற்ப ஆதாயத்திற்காக 11,000 வோல்ட் கம்பியை வீட்டு இணைப்புகளோடு நேரடியாகப் பிணைக்க எந்தப் பொறியாளரும் துணியார். பகிர்மான மின்மாற்றிகள் இரட்டைச்சுருளாகவே நீடிப்பதற்குக் காரணம் இதுவே. பொதுவாக விகிதம் 2-ஐ ஒட்டியோ அதற்குக் குறைவாகவோ இருக்கும்போது ஒற்றைச்சுருள் வெல்கின்றது. 3-ஐத் தாண்டினால் அதன் தகுதி ஐயத்திற்குரியது.

குறைந்த மின்மறிப்பும் இருமுனைக் கத்தி போன்றதே. இரட்டைச்சுருளாக 10 விழுக்காடு மறிப்புடைய ஒரு மின்மாற்றியை 0.425 பின்னமுள்ள ஒற்றைச்சுருளாக இணைத்தால், புதிய திறனின் அடிப்படையில் மறிப்பு 4.25 விழுக்காடாகின்றது. குறுக்குச்சுற்று நேரும்போது முழுப்பளு மின்னோட்டத்தைப்போல் 10 மடங்கு பாய வேண்டிய இடத்தில் ஏறத்தாழ 23 மடங்கு பாயும். சுருள்களைப் பிய்த்தெறிய முனையும் காந்த விசையோ மின்னோட்டத்தின் இருமடியைப் பொறுத்து வளர்வது. எனவே பெரிய மின்மாற்றிகளில் சுருள்களுக்கு இடைப்பட்ட வெளியைக் கூட்டி மறிப்பை வேண்டுமென்றே உயர்த்துகின்றனர். சேமித்ததில் ஒரு பகுதியை இவ்வாறு திருப்பிக் கொடுக்க நேர்கின்றது.

உயரழுத்தக் கட்டமைப்பில்

இந்தியாவின் பெரும்பாலான மாநிலங்களில் 400 கிலோவோல்ட்டுக்கு அடுத்த படிநிலை 220 கிலோவோல்ட். தமிழ்நாட்டில் அது 230 கிலோவோல்ட். இவ்விரு படிகளையும் இணைக்கும் மின்மாற்றிகள் ஒற்றைச்சுருள் வகையின. 315 மெகாவோல்ட்-ஆம்பியர் என்பது இவ்வகையில் பரவலாகக் காணப்படும் திறன். மேற்கண்ட பின்னத்தைப் பயன்படுத்தினால், அதன் இரும்பும் செம்பும் உண்மையில் சுமப்பது ஏறத்தாழ 134 மெகாவோல்ட்-ஆம்பியர் மட்டுமே. வேலூர் அருகேயுள்ள திருவலம் போன்ற 765/400 கிலோவோல்ட் துணைமின் நிலையங்களில் ஒரு கட்டத்திற்கு ஒன்றாக மூன்று தனித்தனி மின்மாற்றிகளைச் சேர்த்து ஒரு தொகுதியாக்கும் முறை பின்பற்றப்படுகின்றது. ஒவ்வொன்றும் 500 மெகாவோல்ட்-ஆம்பியர் எனக் கொண்டால் தொகுதியின் திறன் 1500. ஒரே தொட்டிக்குள் மூன்று கட்டங்களையும் அடைத்தால் அதனைச் சாலையிலும் பாலங்களிலும் கொண்டுசெல்வதே பெரும்பாடு. பின்னம் 0.48 என்பதால் ஒவ்வோர் அலகும் ஏறத்தாழ 240 மெகாவோல்ட்-ஆம்பியர் இரட்டைச்சுருள் மின்மாற்றியின் பருமனோடு அமைகின்றது. இச்சுருக்கம் இல்லையெனில் போக்குவரத்துச் சிக்கல் இன்னும் கடுமையாகியிருக்கும்.

இங்கே நடுமுனையைப் புவியோடு இணைப்பது விருப்பத்திற்குரிய செயலன்று, கட்டாயம். காரணத்தைக் கணக்கிட்டே காணலாம். 400 கிலோவோல்ட் பக்கத்தில் புவியைப் பொறுத்து ஒரு கட்டத்தின் அழுத்தம் 231 கிலோவோல்ட். 230 கிலோவோல்ட் பக்கத்தில் அது 133 கிலோவோல்ட். நடுமுனை புவியோடு இணைக்கப்படாத நிலையில், உயரழுத்தக் கட்டம் ஒன்று புவியைத் தொட்டுவிட்டால் நடுமுனையே 231 கிலோவோல்ட்டுக்கு உயர்ந்துவிடும். தாழழுத்தப் பக்கத்தின் மற்ற இரு கட்டங்களும் இந்த உயர்வின் மேல் தம் 133 கிலோவோல்ட்டை 60 பாகைக் கோணத்தில் கூட்டிக்கொள்ளும்போது, புவியைப் பொறுத்து அவற்றின் அழுத்தம் ஏறத்தாழ 319 கிலோவோல்ட் ஆகின்றது. 133-க்கு வடிவமைக்கப்பட்ட மின்காப்பின் மீது அதனினும் 2.4 மடங்கு ஏறினால் என்ன நேரும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. உறுதியான புவித்தொடர்பு இருக்கும்போது நடுமுனை அசைவதில்லை.

மூன்றாம் சுருளைப் பற்றி முன்னர்க் குறிப்பிட்டது இங்குத்தான் பொருந்துகின்றது. இரு பக்கமும் விண்மீன் வடிவில் இணைக்கப்படுவதால், உள்ளகத்தின் காந்தமாக்கும் மின்னோட்டத்திலுள்ள மூன்றாம் அடுக்கு அலைகள் சுற்றிவர ஒரு மூடிய பாதை தேவைப்படுகின்றது. முக்கோண வடிவில் இணைக்கப்பட்ட தனிச்சுருள் ஒன்று, பெரும்பாலும் 33 கிலோவோல்ட் அளவில், இதற்கென வைக்கப்படுகின்றது. மேலும், தொடர்ச்சுருளும் பொதுச்சுருளும் ஒரே கம்பியின் தொடர்ச்சியாக இருப்பதில்லை. இரண்டிலும் பாயும் மின்னோட்டம் வேறு என்பதால் வெவ்வேறு தடிமனில் தனித்தனியே சுற்றப்பட்டுப் பின்னர் இணைக்கப்படுகின்றன. ஆகவே ‘ஒற்றைச்சுருள்’ என்பது மின்சுற்றைக் குறிக்கும் சொல்லே தவிர, பட்டறையில் சுற்றப்படும் சுருள்களின் எண்ணிக்கையைக் குறிப்பதன்று.

இருப்புப்பாதையில்

மின்தொடர்வண்டிகளுக்கு 25 கிலோவோல்ட் ஒற்றைக்கட்ட மின்வழங்கல் பரவலாக உள்ளது. மேல்கம்பியிலிருந்து எஞ்சின் பெறும் மின்னோட்டம் சக்கரங்கள் வழியே தண்டவாளத்தில் இறங்கித் துணைமின் நிலையத்திற்குத் திரும்புகின்றது. திரும்பும் மின்னோட்டத்தில் ஒரு பகுதி மண்ணுக்குள் கசிந்து, அருகில் செல்லும் தொலைபேசிக் கம்பிகளில் இரைச்சலைத் தூண்டுவது நெடுநாளைய சிக்கல். அமெரிக்காவின் நியூ ஹேவன் இருப்புப்பாதையில் முதல் உலகப்போருக்குச் சற்று முன்னரே ஒற்றைச்சுருள் மின்மாற்றிகளைக் கொண்டு இதற்குத் தீர்வு தேடப்பட்டது. ஜப்பானில் 1964-இல் தொடங்கிய டோக்கைடோ ஷின்கான்சென் வேறொரு வகை மின்மாற்றிகளை நம்பியது. 1972-இல் ஓகயாமா வரை திறக்கப்பட்ட சான்யோ வழித்தடம் ஒற்றைச்சுருள் முறைக்கு மாறியது. 1981-இல் திறக்கப்பட்ட பாரிஸ்–லியோன் அதிவேகப் பாதையும் இம்முறையையே ஏற்றது.

இம்முறையில் துணைமின் நிலையம் 50 கிலோவோல்ட்டை வழங்குகின்றது. அதன் ஒரு முனை மேல்கம்பிக்கும், மறுமுனை கம்பங்களில் உடன்செல்லும் ஊட்டுக் கம்பிக்கும் இணைக்கப்படுகின்றன. ஏறத்தாழ 10 முதல் 15 கிலோமீட்டருக்கு ஒன்றாக ஒற்றைச்சுருள் மின்மாற்றி நிறுவப்பட்டு, அதன் நட்டநடுவிலுள்ள கிளைமுனை தண்டவாளத்தோடு பிணைக்கப்படுகின்றது. எனவே எஞ்சினுக்குக் கிடைப்பது வழக்கமான 25 கிலோவோல்ட்டே. எஞ்சினில் எம்மாற்றமும் தேவையில்லை. ஆனால் தொலைவிலிருந்து ஆற்றல் வந்துசேர்வது 50 கிலோவோல்ட்டில்.

சரக்குத் தனிவழித்தடங்களில் ஓடும் 12,000 குதிரைத்திறன் எஞ்சின் ஏறத்தாழ 9 மெகாவாட் இழுக்கும். 25 கிலோவோல்ட்டில் அதற்கு 360 ஆம்பியர் வேண்டும். 50 கிலோவோல்ட்டில் 180 ஆம்பியர் போதும். கம்பியில் வீணாகும் ஆற்றல், அதே மின்தடைக்கு, கால் பங்காகக் குறைகின்றது. துணைமின் நிலையங்களை இன்னும் தொலைவு விட்டு அமைக்கலாம். தண்டவாளத்தில் திரும்பும் மின்னோட்டமோ, எஞ்சின் நிற்கும் இடத்திற்கு இருபுறமும் உள்ள மின்மாற்றிகளுக்கு இடைப்பட்ட சில கிலோமீட்டருக்குள் பெரும்பாலும் அடங்கிவிடுகின்றது. அதற்கப்பால் மேல்கம்பியிலும் ஊட்டுக் கம்பியிலும் எதிரெதிராகப் பாயும் மின்னோட்டங்கள் தம் காந்தப் புலங்களைத் தாமே அழித்துக்கொள்கின்றன. இந்தியாவில் பீனா–கட்னி வழித்தடத்தில் 1990-களில் அறிமுகமான இம்முறை, கனரகச் சரக்குப் போக்குவரத்து பெருகியபின் புதிய முக்கியத்துவம் பெற்றுள்ளது.

மோட்டார் தொடக்கத்தில்

தூண்டல் மோட்டார் ஒன்றை நேரடியாக மின்வழங்கலோடு இணைத்தால், தொடக்கத்தில் அது முழுப்பளு மின்னோட்டத்தைப்போல் 6 மடங்கு வரை இழுக்கும். தொடர்தடை ஒன்றைச் சேர்த்து மோட்டாரின் அழுத்தத்தை 65 விழுக்காடாகக் குறைத்தால், மின்வழித்தடத்திலும் மோட்டாரிலும் 3.9 மடங்கு பாயும். அதே 65 விழுக்காட்டை ஒற்றைச்சுருள் மின்மாற்றியின் கிளைமுனையிலிருந்து தந்தால், மோட்டாரில் 3.9 மடங்கு பாய்ந்தாலும், வழித்தடத்திலிருந்து இழுக்கப்படுவது அதன் 65 விழுக்காடு, அதாவது 2.5 மடங்கு மட்டுமே. இரண்டிலும் சுழற்றுவிசை ஒன்றே. பெரிய பம்புகள், காற்றழுத்திகள், ஆலை மோட்டார்கள் ஆகியவற்றில் 50, 65, 80 விழுக்காட்டுக் கிளைமுனைகளோடு இத்தொடக்கிகள் அமைகின்றன. பளுவின் தன்மைக்கேற்ப முனையைத் தேர்ந்துகொள்ளலாம். ஸ்டார்-டெல்டா தொடக்கியில் இத்தெரிவு இல்லை. அங்கே மூன்றில் ஒரு பங்கு என்பது மாறாத அளவு.

குறைந்த அழுத்தத்திலிருந்து முழு அழுத்தத்திற்கு மாறும் கணத்தில் மோட்டார் மின்வழங்கலிலிருந்து துண்டிக்கப்பட்டால், மறுபடி இணையும்போது கடும் மின்னோட்டத் தாக்கு எழும். பெர்லினைச் சேர்ந்த மாக்ஸ் கோர்ண்டோர்ஃபர் இதற்குக் கண்ட வழி நேர்த்தியானது. முதலில் சுருள்களின் நடுமுனை இணைப்பை மட்டும் திறந்துவிட வேண்டும். அப்போது தொடர்ச்சுருள் ஒரு தூண்டல் தடையாக மோட்டாரோடு தொடர்ந்து நிற்கும். பின்னர் அதனைக் குறுக்கே இணைத்து முழு அழுத்தத்தைத் தரலாம். மோட்டார் ஒரு கணமும் துண்டிக்கப்படுவதில்லை. இதற்கான அமெரிக்கக் காப்புரிமை 1914-இல் வழங்கப்பட்டது.

வீட்டில்

குளிர்சாதனக் கருவிக்கு மேலே மாட்டப்படும் ஸ்டெபிலைசருக்குள் இருப்பது பல கிளைமுனைகள் கொண்ட ஒற்றைச்சுருள் மின்மாற்றியும் சில ரிலேக்களுமே. வரும் அழுத்தம் குறைந்தால் ஒரு ரிலே ஏற்றுமுனைக்கும், மிகுந்தால் மற்றொன்று இறக்குமுனைக்கும் இணைப்பை மாற்றுகின்றது. அவ்வப்போது கேட்கும் ‘டக்’ என்னும் ஒலி அதுவே. 170 வோல்ட்டை 230-ஆக உயர்த்தி 1500 வோல்ட்-ஆம்பியர் தரும்போது, உள்ளகம் சுமப்பது 60 வோல்ட் × 6.5 ஆம்பியர், அதாவது ஏறத்தாழ 390 மட்டுமே. அவ்வளவு சிறிய பெட்டி அவ்வளவு பெரிய கருவியைத் தாங்குவதன் மருமம் இதுதான்.

ஆனால் அழுத்தம் இலவசமாகக் கிடைப்பதில்லை. வெளியே 6.5 ஆம்பியர் தர, உள்ளே 8.8 ஆம்பியர் இழுக்கப்படுகின்றது. கோடை மாலையில் அழுத்தம் தாழ்ந்துள்ள தெருவில், ஸ்டெபிலைசர் வைத்திருக்கும் வீடுகள் ஒவ்வொன்றும் தம் அழுத்தத்தைக் காத்துக்கொள்ளக் கூடுதல் மின்னோட்டத்தை இழுக்கின்றன. அதனால் கம்பியில் சரிவு மேலும் மிகுகின்றது. அச்சரிவின் முழுச் சுமையும் தெருக்கோடியில் ஸ்டெபிலைசர் இல்லாத வீட்டில் மங்கி எரியும் விளக்கின் மீதே விழுகின்றது. மின்வழித்தடத்தை வலுப்படுத்தாமல் வீட்டுக்கு வீடு பெட்டிகளைப் பெருக்குவது, ஒருவர் நலனை மற்றொருவரின் கணக்கில் எழுதுவதாகவே முடிகின்றது.

அமெரிக்காவில் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் இங்கிருந்து கொண்டுசெல்லும் மிக்சிக்கும் கிரைண்டருக்கும் வாங்கும் 110/220 வோல்ட் மாற்றிகளும் பெரும்பாலும் ஒற்றைச்சுருள் வகையே. அவை அழுத்தத்தை மாற்றுமே தவிர அலைவெண்ணை மாற்றா. மிக்சியின் கரித்தூரிகை மோட்டாருக்கு அலைவெண் ஒரு பொருட்டன்று. கிரைண்டரின் தூண்டல் மோட்டாரோ 50-க்கு மாறாக 60 ஹெர்ட்ஸ் பெற்று ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் வேகத்தில் சுழல முனையும்.

ஆய்வகத்தில்: மின்தனிமை என்னும் சிக்கல்

1930-களில் அமெரிக்காவின் ஜெனரல் ரேடியோ நிறுவனம் ‘வேரியாக்’ என்னும் பெயரில் வெளியிட்ட கருவியின் வழிவந்ததே இந்தியக் கல்லூரிகளில் டிம்மர்ஸ்டாட் என அறியப்படுவது. வளைய வடிவ உள்ளகத்தின் மீது ஓரடுக்காகக் கம்பி சுற்றப்பட்டு, மேற்புறத்தில் மட்டும் காப்பு நீக்கப்பட்டிருக்கும். குமிழைத் திருப்பினால் கரித்தூரிகை அதன்மீது வழுக்கிச் சென்று, 0-விலிருந்து ஏறத்தாழ 270 வோல்ட் வரை எந்த அழுத்தத்தையும் தரும். தூரிகை எப்போதும் அடுத்தடுத்த சுற்றுகளை ஒருங்கே தொடுவதால் அச்சுற்றுகள் குறுக்கே இணைக்கப்படுகின்றன. கரியின் தடையே அங்கு எழும் சுழல் மின்னோட்டத்தை அடக்கிவைக்கின்றது. தேய்ந்த தூரிகைக்குப் பதிலாகக் கைக்குக் கிடைத்த உலோகத் துண்டை வைப்பது சுருளைக் கருக்கிவிடும்.

இக்கருவியின் மீது பொறிக்கப்படும் திறன் மின்னோட்டத்தைச் சார்ந்தது என்பதும் பலர் கவனிக்காத செய்தி. 240 வோல்ட், 8 ஆம்பியர் கருவி 24 வோல்ட்டில் தரத்தக்கது 80 ஆம்பியர் அன்று. அங்கும் 8 ஆம்பியரே. அதற்குமேல் இழுத்தால் உருகி அறியாமலே சுருள் வெந்துவிடும். ஏனெனில் 24 வோல்ட்டில் 40 ஆம்பியர் எடுத்தாலும் உள்ளீட்டில் பாய்வது 4 ஆம்பியர் மட்டுமே. உருகி உள்ளீட்டில் மட்டும் இருப்பின் அதற்கு எதுவும் தெரியாது. வெளியீட்டிலும் ஓர் உருகி வேண்டும் என்பது இதனாலேயே.

மிகப் பெரிய இடர் வேறு. குமிழை 12 வோல்ட்டில் நிறுத்திய மாணவர், 12 வோல்ட் மின்கலத்தைப் போன்றே அதனைத் தொட்டுவிடலாம் என எண்ணுகின்றார். மின்செருகியில் கட்டமும் நடுநிலைக் கம்பியும் முறையாக இருந்தால், அவர் தொடுவது புவியைப் பொறுத்து 0 வோல்ட்டும் 12 வோல்ட்டுமே. ஆனால் சுவர்ப்பொருத்தியில் அவ்விரண்டும் இடம்மாறியிருந்தால், அல்லது எப்படியும் செருகத்தக்க இருமுனைச் செருகி இருந்தால், பொதுமுனையாகிய கீழ்முனை கட்டக் கம்பியோடு இணைந்துவிடுகின்றது. அப்போது வெளியீட்டு முனைகள் இரண்டிற்கும் இடையே வோல்ட்மீட்டர் 12 வோல்ட்டையே காட்டும். ஆனால் புவியைப் பொறுத்து ஒன்று 230 வோல்ட்டிலும் மற்றொன்று 218 வோல்ட்டிலும் நிற்கும். அளவுமானி பொய் சொல்லவில்லை. கேட்கப்பட்ட வினாவிற்கு மட்டும் விடை சொல்கின்றது. வெறுங்காலோடு நிற்பவர் எந்த முனையைத் தொட்டாலும் விளைவு ஒன்றே.

இணைப்பு முறையாக இருப்பினும் இன்னோர் இடர் எஞ்சுகின்றது. பொதுச்சுருளில் எங்கேனும் கம்பி அறுந்துவிட்டால், வெளியீட்டைக் கீழே இழுத்துப் பிடித்திருந்த பகுதி இல்லாமல்போகின்றது. தொடர்ச்சுருள் வழியே உள்ளீடு நேராகப் பளுவை அடைகின்றது. பளு சிறிதாயின் ஏறக்குறைய முழு 230 வோல்ட்டும் அதன்மீது விழும். இரட்டைச்சுருள் மின்மாற்றியில் கம்பி அறுந்தால் வெளியீடு அணைந்துபோகும். ஒற்றைச்சுருளில் அது உயர்ந்தெழும்.

ஆகவே மின்னணுச் சுற்றுகளைத் திறந்து வைத்து ஆராயும் மேசைகளில், டிம்மர்ஸ்டாட்டுக்கு முன்னால் 1:1 விகிதமுள்ள இரட்டைச்சுருள் தனிமை மின்மாற்றி ஒன்றை இணைத்தல் வேண்டும். அதன் வெளியீட்டில் எம்முனையும் புவியோடு தொடர்பற்று இருப்பதால், ஒரு முனையை மட்டும் தொடுபவர் வழியே மின்சுற்று முழுமையடைவதில்லை. இரு முனைகளையும் ஒருசேரத் தொடுபவரை அதுவும் காக்காது. தனிமை மின்மாற்றி வாங்க வசதியில்லாத ஆய்வகங்களில் குறைந்த அளவாக, சுவர்ப்பொருத்தியின் கட்டமுனை வலப்புறம்தான் உள்ளதா என்பதை டெஸ்டரால் சோதித்தபின் மூன்றுமுனைச் செருகியை மட்டும் பயன்படுத்துதல், குமிழைச் சுழியத்தில் வைத்தே இணைப்பைத் தொடங்குதல், இணைப்புகளை மாற்றுவதற்கு முன் குமிழைத் தாழ்த்துவதோடு நில்லாமல் உள்ளீட்டின் இரு கம்பிகளையும் ஒருங்கே துண்டிக்கும் சுவிட்சை அணைத்தல் ஆகியவை கடைப்பிடிக்கத்தக்கன. செய்முறைக் குறிப்பேட்டில் குமிழின் அளவை எழுதும் கட்டத்திற்கு அருகில், வெளியீட்டின் ஒவ்வொரு முனைக்கும் புவிக்கும் இடைப்பட்ட அழுத்தத்தை அளந்து எழுதவும் இரண்டு கட்டங்களைச் சேர்த்துவிட்டால், மாணவர் இணைப்பைத் தொடும் முன்னரே அதன் நிலையை அறிந்துகொள்வார்.